நம்ம ஊர் ராகு காலம்

இன்று மதியம் ஒரு மணி தாண்டி, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தேக்கா மார்க்கெட் பக்கம் சாலையைக் கடக்க நின்றபோது என் நிழலைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். செருப்பைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். மார்ச் மாதக் கடைசி வந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சை விளக்கு விழுந்து எல்லோரும் கடந்துபோன பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னால் வந்த ஒரு பெண், "ஆன்ட்டி, ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ இருந்திருந்தால் என்னைச் சாப்பிட விடாமல் வெளியே இழுத்து வந்திருப்பாய். வருஷத்துக்கு இரண்டு முறை இந்தக் கூத்து நமக்கு உண்டு. வெயிலில் நின்று, "பாரு, சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல. மணி என்ன? ஒண்ணு தாண்டிடுச்சு. அப்ப நடுப்பகல் பன்னெண்டுக்கா, ஒண்ணுக்கா?" என்பாய். எனக்குப் பசி. "ரெண்டுக்கு வேணாலும் வரட்டும், எனக்குச் சோறு ஆறுது" என்பேன். "மலேசியாவோட சேர்ந்து நம்ம கடிகாரத்த முன்னால தள்ளி வெச்சுட்டாங்க. நாம எல்லாரும் சூரியன விட ஒரு மணி நேரம் முந்தி ஓடிக்கிட்டு இருக்கோம்" என்று நீ விடாமல் சொல்வாய். ஏதோ நீயே தள்ளி வைத்த மாதிரி அதில் உனக்கு அத்தனை பெருமை.

அந்தச் சின்ன டிராவல்ஸ் கடையில் தோழிகள் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திருச்சிக்கும் சென்னைக்கும் டிக்கெட் போட்டோம். வேறு எந்த ஊர் டிராவல்ஸில் இப்படிக் கேட்பார்களோ தெரியாது, நம் கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால் ராகு காலத்தைக் கேட்பார்கள். அதற்கு நான்தான் ஆள். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று மனசுக்குள் ஒரு தடவை ஓட்டினால் எந்தக் கிழமைக்கு எந்த நேரம் என்று வந்துவிடும். நீ என்னைச் சாமியாரம்மா என்றாய். நான் உன்னை விஞ்ஞானி என்றேன். கடைக்கு வருகிறவர்கள் அதுதான் நம் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறேன் என்று செம்பவாங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? "ராகு காலம் இல்லாத ஃபிளைட்டாப் பார்த்துப் போடும்மா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நீ புகுந்தாய். "அங்கிள், எந்த ஊர் ராகு காலம்? நம்ம ஊரா, திருச்சியா, இல்ல மேல பறக்கும்போதா?" அவர் பாவம், விழித்தார். "வீட்ட விட்டு எறங்குற நேரம்தாம்மா முக்கியம்." "அப்புறம் என்ன லா? நல்ல நேரத்துல எறங்கி ஏர்போர்ட்ல உக்காந்துக்குங்க. எந்த ஃபிளைட்டும் எடுக்கலாம்." அவர் யோசித்து, மலிவான டிக்கெட்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் அன்று சாயங்காலம் வரை உன்னோடு பேசவில்லை.

பேசாமல் இருக்க முடியுமா? இரண்டு பேருக்கும் வீடு புக்கிட் பாத்தோக். ஒரே ரயில், ஒரே புளோக், ஒரே லிஃப்ட். "இந்த லிஃப்ட் நிறைய ஆளோட கீழ எறங்கும்போது கொஞ்சம் கரண்டத் திருப்பிக் குடுக்கும், தெரியுமா? புது லிஃப்டுங்க அப்படி" என்று ஆரம்பித்துவிடுவாய். அதிலிருந்து மேல்மாடியில் போட்டிருக்கும் சூரியத் தகடு, அங்கிருந்து சூரியன், அப்புறம் நட்சத்திரம். என் மாடி வந்த பிறகும் லிஃப்டின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவாய். கையில் காய்கறிப் பையோடு அண்டசராசரத்தையும் கேட்டவள் நான் ஒருத்திதான்.

கைபேசியில் வழி காட்டுகிறதே செயற்கைக்கோள், அதில் இருக்கும் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு துளி வேகமாக ஓடும், அதைத் திருத்தாவிட்டால் வழி தப்பிவிடும் என்று நீ சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. "நேரங்கிறதே எடத்துக்கு எடம் மாறுது. நீ என்னடான்னா இந்தியாவுல அச்சடிச்ச காலண்டரப் புடிச்சுத் தொங்குற. அவங்க ஆறு மணிக்குச் சூரியன் வருதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. நமக்கு ஏழு மணிக்குத்தான் வருது. உன் ராகு காலமே தப்பு. எல்லாத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடு." அடிமடியிலேயே கை வைத்துவிட்டாய். இத்தனை வருஷமாக ராகு காலம் என்று ஒதுங்கியிருந்தது பாதி நல்ல நேரத்தில், நல்ல நேரம் என்று கிளம்பியது பாதி ராகு காலத்தில்! "விண்வெளி நிலையத்துல ஒரு நாளைக்குப் பதினாறு தடவ சூரியன் உதிக்குது. பதினாறு ராகு காலம். பாவம், அவங்க எப்பத்தான் சாப்பிடுவாங்க?" என்று நீ சிரித்த சிரிப்பில் ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த சீனப் பாட்டியும் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் உன் தலைக்குள் கட்டி என்றார்கள். ரத்தக் குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, எடுக்காமலும் முடியாது, எடுப்பதும் ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆபரேஷனை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வைக்கவா, பன்னிரண்டே காலுக்கு வைக்கவா என்று கேட்டார்கள். உன் அக்கா உட்லண்ட்ஸிலிருந்து எனக்குப் போன் செய்து காலண்டரைப் பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கு ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதனால் அக்கா பன்னிரண்டே காலைக் கேட்டு வாங்கினார்.

அன்று காலை நான் வார்டுக்கு வந்தபோது நீ அக்காவிடம் கதை அளந்துகொண்டிருந்தாய். "நம்ம ஊர் கணக்குப்படி பதினொண்ணரையிலேர்ந்து ஒண்ணு வரைக்கும் ராகு காலம். சரியா அதுக்குள்ள கொண்டுபோய் என்னை விட்டுட்டியேக்கா!" நீ சிரித்தாய். அக்கா சிரிக்கவில்லை. அவர் தண்ணீர் எடுக்கப் போனதும் என் கையைப் பிடித்தாய். உன் கை சில்லென்று இருந்தது. "ஏய் சாமியாரம்மா, உன் காலண்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டாய். கேலி இல்லை அதில். "பன்னெண்டோட முடியுது. நீ அதுக்கப்புறம்தானே உள்ள போற. ரொம்ப நல்ல நேரம்" என்றேன். "சரி. இன்னைக்கு மட்டும் உன் காலண்டர்" என்றாய். நர்ஸுகள் வந்து கட்டிலைத் தள்ளும்வரை கையை விடவில்லை.

நீ கண் விழிக்கவே இல்லை. சில நாள் கழித்து எல்லாம் முடிந்தது.

உன் வீட்டுக் கூடத்தில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அவளே சொன்னாளே! ராகு காலத்துல கொண்டுபோறியேன்னு அவளே சொன்னாளே! பதினோரு மணி குடுத்தாங்க, நான்தானே பாவி மாத்தச் சொன்னேன்!" வந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நேரம் காலம் தெரிந்தவள் நான்தானே. உன் விளையாட்டுப் பேச்சு அக்காவின் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது. நான் ஒரு "ஆமாம்" சொன்னாலும் போதும், அவர் சாகும்வரை அதைச் சுமப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. இருந்தும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, கட்டி ரத்தக் குழாயை ஒட்டி இருந்துச்சு. எடுக்கும்போது ரத்தம் கசிஞ்சிடுச்சு. டாக்டர் முன்னாடியே சொன்னாரு. பதினோரு மணிக்குக் கொண்டுபோயிருந்தாலும் அந்தக் கட்டி அங்கதான் இருந்திருக்கும். நேரம் ஒண்ணும் பண்ணல. நீங்களும் ஒண்ணும் பண்ணல" என்றேன். என் வாயிலிருந்து இது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். அது வேறு அழுகை.

உன் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், நல்ல பிள்ளை, வானத்தைப் பற்றி எதுவும் பேசமாட்டாள். கடைக்கு வருகிறவர்கள் இன்னும் நேரம் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக் குதிக்காதே. சாவி தொலைந்தால், ரயில் தவறினால், பேரம் படியாவிட்டால் இன்றைக்கும் ராகுவைத்தான் திட்டுகிறேன். எதை வேண்டுமானாலும் அவன் கணக்கில் எழுதுவேன். உன்னை மட்டும் அந்த ராகுவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.