திருகு மூடி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை உன் ஸ்டூலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நீ கட்டிய துணித் திண்டு அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஷாம்பு பாட்டில்களுக்கு இப்போது மெஷின்தான் மூடி திருகுகிறது. புது மெஷினுக்கு வரிச் சலுகை உண்டாம், முதலாளி இரண்டாக வாங்கிவிட்டார். "வாயே திறக்காத பொண்ணு, மூளைய மட்டும் திறந்து வச்சிருக்கா பாரு" என்று சூப்பர்வைசர் இன்று எல்லார் முன்னாலும் சொன்னார். பரிசாக என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

உங்கள் எட்டுப் பேரையும் வேலையிலிருந்து நிறுத்திய அன்று ராத்திரி வீட்டில், "எந்தப் புண்ணியவதிடி இந்த யோசனையக் குடுத்தா?" என்று கேட்டாய். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

நல்ல யோசனைக்குப் பரிசு என்று வைத்திருந்த பெட்டியில் நான் போட்ட தாளில், ஆளைக் குறைக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை அக்கா. மூடியைத் திருக ஒரு சக்கரம் இருந்தால் கை வீங்காது என்று எழுதி, படம் வரைந்திருந்தேன். படத்தில் இருந்தது உன் கைதான். வளையல்கூடப் போட்டிருந்தேன்.

நீ இப்போது போயிருக்கிற ஊரில், துணி துவைக்கிற வேலையில் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

மத்தியான இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போனதும், ஸ்டூலிலிருந்து உன் திண்டை அவிழ்த்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உன்
ஊமைக்கோட்டான்