மூன்று மணிக்கு விழும் நிழல்

சங்கரன்கோவில்,
வைகாசி கடைசி வெள்ளி.

அன்புள்ள அத்தானுக்கு,

கோகிலா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன தடவை நான் திருச்சிக்கு வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்ற விதமே சரியில்லை. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றீர்கள். அங்கே இருக்கிற டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டால் தண்டனையில் கழிக்க மாட்டார்கள்.

உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். மரம் வளர்த்ததைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அது குற்றம் என்றால் கறுப்பு மை வைத்து அடித்துவிடுங்கள்.

அத்தைக்குச் சர்க்கரை இறங்கவில்லை. கால் புண் ஆறிவருகிறது. நான் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போகிறேன். மில்லில் கிடைத்ததைவிடக் கூலி குறைவுதான், ஆனால் இங்கே யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. மேற்குப் பக்கம் ஓடு நாலு உடைந்ததை மாற்றிவிட்டேன். வீட்டுச் சேதி இவ்வளவுதான்.

இனி மில் சேதி. சின்னவர் செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். முதலாளி மகன் நம் வீட்டு வாசலை மிதித்தது இதுதான் முதல் தடவை. எதற்கு வந்தார் என்று சொல்வதற்கு முன் பழையதைக் கொஞ்சம் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐயாவுக்கும் தெரியட்டும், ஏனென்றால் கோர்ட்டில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

மில்லில் கார் நிறுத்துகிற இடத்தின் ஓரம் நெடுக வேப்பமரங்கள் நின்றன. அதன் அடியில்தான் வேலையாட்களின் சைக்கிளும் பைக்கும் நிற்கும். பெண்கள் அங்கேதான் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவோம். சின்னவர் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து, கார்களுக்கு மேலே சோலார் பந்தல் போடப்போகிறேன் என்றார். இரும்புத் தூண் நட்டு, மேலே பலகை அடுக்கினால் காருக்கு நிழலும் ஆச்சு, மில்லுக்குக் கரண்டும் ஆச்சு. நல்ல யோசனைதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேம்பு நிழல் பலகையில் விழும் என்று எல்லா மரத்தையும் வெட்டச் சொன்னார். எங்கள் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று நீங்கள் கேட்டீர்கள். ரோட்டில் நிறுத்துங்கள் என்றார். பந்தலுக்கு அடியில் ஒரு ஓரம் கொடுங்கள் என்று கேட்டீர்கள். அதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"கார் நிக்கிற எடத்துல ஒங்க ஓட்ட வண்டிய நிறுத்தவா இவ்வளவு செலவழிச்சுப் போடுதேன்?"

அப்புறம்தான் தள்ளுமுள்ளு. அவர் முதலில் உங்கள் சட்டையைப் பிடித்தார், நீங்கள் தள்ளினீர்கள். வெட்டிப்போட்ட வேப்பங்கட்டையில் விழுந்து அவர் கை ஒடிந்தது. இரும்புக் கம்பி ஒன்றும் கிடையாது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறி, கம்பியைக் கண்ணால் பார்த்தேன் என்று மூக்காண்டி சொன்னான். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். பார்த்த மற்றவர்கள் நாற்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. நாலு வருடம் போட்டார்கள்.

நீங்கள் முதலில் ரிமாண்டில் இருந்தபோதுதான் நான் மலைவேம்பு வாங்கி வைத்தேன். விறகுக்காக என்று உங்களிடம் சொன்னது பொய். மரத்தை வெட்டின அன்று, ஒரு கிளை நிழல் ஒரு பலகையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கக் கரண்டு குறைந்துவிடும் என்று சின்னவர் எல்லோருக்கும் பாடம் நடத்தினார் அல்லவா? அந்தப் பாடத்தை நான் ஒருத்திதான் கவனமாகக் கேட்டேன். அவருடைய ஆட்கள் சுற்றிச் சுற்றி நிழல் அளந்தபோது, மில் மதிலுக்கு மேற்கே ஒட்டியிருக்கிற நம் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதில் உயரத்துக்கு ஓட்டு வீடு, அதற்குள் இரண்டு பொம்பளைகள். நாம் அவர் கணக்கில் ஒரு நிழலாகக்கூட வரவில்லை.

நாற்றுப் பண்ணைக்காரரிடம் சீக்கிரம் வளர்கிற மரம் எது என்று கேட்டேன். பிளைவுட் கம்பெனிக்கு விடுகிற மலைவேம்பைக் காட்டினார். நம் வீட்டுக்கும் அவர் மதிலுக்கும் நடுவே கிடக்கிற இடத்தில் வரிசையாக வைத்தேன். குளித்த தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். நீங்கள் தீர்ப்புக்குப் போன அன்று ஓட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. வெயில் மேற்கே சாய்ந்ததும், மூன்று மணிக்கு, நிழல் மதிலைத் தாண்டி இறங்கி முதல் வரிசைப் பலகையில் ஏறும். நாலு மணிக்குப் பாதிப் பந்தல் என்னுடையது. தறிக்கூடம் இல்லாத நாளில் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தான், பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு குளிரும்.

மில்காரர்கள் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் கூட்டிவந்து அளந்து பார்த்தார்கள். மரம் நம் பட்டாவுக்குள் இருக்கிறது. கிளை ஒன்றும் மதிலைத் தாண்டாமல் நானே கழித்துவிடுகிறேன். அளக்க வந்தவர், கிளை தாண்டினால் வெட்டலாம், நிழல் தாண்டினால் என்ன செய்வது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்னொன்று நடந்தது. மில் ஆட்கள் ஒவ்வொருவராக நம் மரத்தடியில் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். செண்பகவல்லி அக்காதான் முதலில் கேட்டாள். சரி என்றேன். இப்போது சாப்பாட்டு நேரத்தில் பழையபடி தூக்குச்சட்டிச் சத்தம் கேட்கிறது. உடனே நான் ஊருக்கு உபகாரம் பண்ணுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாட்சி சொல்ல வராதவர்கள் நிழலுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் இடம் உண்டு. மூக்காண்டி வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் நான் தள்ளிக்கொண்டு போய் ரோட்டு வெயிலில் நிறுத்திவிடுவேன். அவனும் பேசாமல் சாயங்காலம் துண்டை நனைத்துச் சீட்டில் போட்டு உட்கார்ந்து போகிறான். பெண்கள் விடுவதில்லை. "அண்ணாச்சி, ஒரு ஆப்பக்கரண்டி மாவு ஊத்தவா, வீட்டுக்குப் போறதுக்குள்ள வெந்துரும்" என்கிறாள் செண்பகவல்லி அக்கா. ஒரு நாள் அவன் என்னிடம் வந்து, பிள்ளைகுட்டிக்காரன் கோகிலா, வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றான். வெயிலில் நின்றிருப்பாய், இப்போது நிற்கிற மாதிரி என்று சொல்லி அனுப்பினேன்.

சின்னவர் வந்த கதைக்கு வருகிறேன். பந்தல் போடுவதையே இப்போது அவர் தொழிலாக்கிவிட்டார். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று கார் நிற்கிற இடமெல்லாம் போட்டுத் தருகிறாராம். ராஜபாளையம், கோவில்பட்டியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து மில் பந்தலைத்தான் காட்டுவார். வாசலில் ஒரு டிவிப் பெட்டி வைத்து, எவ்வளவு கரண்டு வருகிறது என்று ஓடவிட்டிருக்கிறார். அதில் மூன்று மணிக்குமேல் இறங்க ஆரம்பிக்கும். திங்கட்கிழமை வந்த பார்ட்டி அதைப் பார்த்துவிட்டு, எங்கள் இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரன் மரம் வைத்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்களாம். வாட்ச்மேன் சொன்னார்.

மறுநாள்தான் சின்னவர் வந்தார். ஒடிந்த கை இன்னும் முழுசாக நீளவில்லை. மரத்தடியில் வந்து நின்றார். நாற்காலி போடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. "இந்தா பாருங்க" என்று ஆரம்பித்தார். முதல் தடவையாக எனக்கு 'ங்க' வந்தது. நான் சொன்னேன்:

"அந்தால வெயில்ல போய் நின்னு சொல்லுங்க. இது எங்க நெழலு."

போய் நின்றார் அத்தான். உங்கள் மேல் சத்தியமாகப் போய் நின்றார். மில் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டுகிற வரைக்கும் பேசவிட்டேன்.

அவர் சொன்னது இது. மரத்தை வெட்ட வேண்டும். வெட்டினால், ஆனி மாதம் மதுரை ஹைகோர்ட்டில் அப்பீலோடு போட்ட உங்கள் ஜாமீன் மனு வரும்போது அவருடைய வக்கீல் எதிர்க்க மாட்டார். இரண்டு தடவை தள்ளுபடியானது அவர்கள் எதிர்த்ததால்தான். நம் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர்கள் சும்மா இருந்தால் கிடைத்துவிடும் என்றுதான் அவரும் சொல்கிறார். மன்னிப்புக் கேட்கவோ, எழுதிக் கொடுக்கவோ வேண்டியதில்லை. மரம் மட்டும் போக வேண்டும். வெட்டினால் இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். வெட்டாவிட்டால் இந்தத் தபசும் போகும், அடுத்ததும் போகும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அத்தை அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. புதன்கிழமை நான் வேலைக்குப் போன நேரம் அரிவாளை எடுத்துக்கொண்டு அந்தக் காலோடு மரத்தடிக்குப் போயிருக்கிறாள். இரண்டு கொத்துக்குமேல் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செண்பகவல்லி அக்கா கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தாளாம். அத்தை சொல்வதை அப்படியே எழுதுவதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், எழுதுகிறேன்:

"ஏலே ராசா, இவா பேச்சக் கேக்காத. இவளுக்கு மரம் புருசனாயிட்டு. எனக்கு நீதாம்ல பிள்ள. நான் கண்ண மூடுததுக்குள்ள வந்துரு. வெட்டச் சொல்லி எழுது."

அத்தை சொன்னதில் தப்பு இல்லை. அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். வெட்டிவிட்டால் நீங்கள் வருவீர்கள். அவர் நம் வாசல் வழியாகக் காரில் போவார். போகும்போது கண்ணாடியை இறக்கி, எப்படி இருக்கிறாய் சுடலைராஜ் என்று கேட்பார். தாம் போட்ட பிச்சையில் வெளியே வந்தவன் என்றுதான் உங்களை ஊருக்குக் காட்டுவார். கம்பியால் அடித்தான், நான்தான் பெருந்தன்மையாக விட்டேன் என்பார். பொய் அதோடு முத்திரை குத்தி நிஜமாகிவிடும். மூக்காண்டியும் மரம் போன இடத்தில் மற்றவர்களோடு சமமாக வெயிலில் நிற்பான். இப்போது இந்த ஊரில் அவர் பேச்சு செல்லாத இடம் இந்த ஒன்றரை சென்ட்தான். பகலில் இரண்டு மணி நேரம்தான். அதையும் நான் கொடுக்க வேண்டுமாம்.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். மறைக்கிறது. அது இல்லாவிட்டால் இந்த இரண்டு வருடத்தில் நான் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருப்பேன்? ஆனால் உள்ளே இருப்பது நான் இல்லை, நீங்கள். கம்பிக்கு வெளியே உட்கார்ந்து ரோஷம் பேசுவது சுலபம் என்றும் எனக்குத் தெரிகிறது. அதனால் முடிவு உங்கள் கையில்.

வெட்டு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். கடிதம் வந்த அன்றைக்கே வெட்டுவேன். ஆள் கூப்பிட மாட்டேன், என் கையால் வெட்டுவேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று சாகிற வரை கேட்க மாட்டேன். நீங்கள் வந்து பக்கத்தில் படுத்தால் போதும் என்று எனக்கும்தான் இருக்கிறது.

ஆனால் எழுதாதீர்கள் அத்தான். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த வார்த்தையை மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் எழுதாமல் இருப்பதற்கான தெம்பை நம் கோவில் கோமதியம்மாள் உங்களுக்குக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு எனக்கு வேண்டியதை நான் அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
கோகிலா