கோழிக் கிறுக்கல்

ஏங்க, பதவி உயர்வுப் பரீட்சைக்குக் கிளம்பிட்டேன். உங்களை எழுப்பலை. எழுப்பினா மறுபடியும் ஆரம்பிப்பீங்க.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. நீங்க கடைக்குப் போறதுக்குள்ள பிளம்பர் வருவார். குளியலறைக் குழாய் ஒழுகுது, காட்டுங்க.

நேத்து நான் எழுதிப் பாத்த கட்டுரையைத் தூக்கிப் பிடிச்சு, "கோழி கிறுக்கின மாதிரி இருக்கு, எவன் உக்காந்து படிப்பான்"னு மக முன்னாடியே சிரிச்சீங்க. மூணு மணி நேரத்துல நாலு கட்டுரை எழுதணும். முத்து முத்தா எழுதிக்கிட்டிருந்தா ரெண்டைத் தாண்ட முடியாது. அதான் எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, வரிக்கு வரி இடம் விட்டு, தப்பு வந்தா ஒரே கோடு அடிச்சுட்டு ஓடப் பழகியிருக்கேன். புரிஞ்சா போதும், அழகுக்கு மார்க் கிடையாது.

நாள் முழுக்க டாக்டர் சீட்டைப் படிச்சு மருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கு என் எழுத்து மட்டும் புரியலையாம். நல்லா இருக்கு கதை.

பி.கு: ராத்திரி நீங்க சாப்பிடாமப் படுத்துட்டீங்க. இப்பவாவது சாப்பிடுங்க.

இன்னொண்ணு. கடைச் சாவியை ஆணியில தேடாதீங்க, அரிசி டப்பாவுக்குள்ள வெச்சிருக்கேன். இந்தச் சீட்டையும் பரீட்சை வேகத்துலதான் எழுதினேன். சாயங்காலம் கடை வழியாத்தான் வருவேன். கடை திறந்திருந்தா, நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தம்.