கை நடுங்கவில்லை

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் நம் ஸ்டுடியோவிலிருந்து உன் கிளைக் கடைக்கு வரும் பிரிண்ட் பார்சலோடு இதை அனுப்புகிறேன். உன் அண்ணியும் பிள்ளைகளும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

டிரைவர் ஓய்வு பெறும் விழாவுக்கு உன்னை பஸ் டெப்போவுக்கு அனுப்பியது என் புத்திகெட்டதனம். மேனேஜர் பரிசு கொடுக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் எடுத்திருக்கிறாய். அதில் டிரைவர் முகம் மட்டும் தெளிவு. மேனேஜர் முதல் மற்ற எல்லோரும் கோடு கோடாக இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். "உன் தங்கச்சி என்னைப் பேயா ஆக்கிட்டாளேப்பா!" என்று மேனேஜர் கத்துகிறார். டெப்போவின் அடையாள அட்டை வேலை வருஷா வருஷம் நமக்குத்தான் வருகிறது. அது போய்விடும்.

கூட வைத்திருக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. 'எதிர்பாராமல் கை நடுங்கிவிட்டது, மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

அண்ணன்

மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.

கை நடுங்கவில்லை, அண்ணா. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஷட்டரைக் கால் நொடி திறந்துவைத்து, அதற்குள் ஜூம் வளையத்தை ஒரே சீராகத் திருப்பினேன். அப்படிச் செய்தால் நடுவில் இருப்பது நிற்கும், சுற்றியிருப்பது பாயும். இந்தக் கிளைக் கடையில் ஆள் வராத மத்தியானங்களில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து ஆறு மாதம் பழகினேன். முதல் நூறு படத்தில் நாற்காலி எது, சுவர் எது என்று எனக்கே தெரியவில்லை. எதிர்க்கடைத் தையல்காரர், "நாற்காலிக்கு என்னம்மா, கல்யாணமா?" என்று கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்.

மேனேஜருக்காக நேராக இன்னொரு படம் எடுத்திருக்க வேண்டும். எடுக்காதது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கை நடுங்கியது என்று மட்டும் எழுத மாட்டேன்.

டிரைவர் கடைக்கு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். "முப்பது வருஷம் இப்படித்தாம்மா பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். அவருக்குத்தானே விழா?

உன் தங்கை

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். தெரிந்த கதைதானே! அதனால் அந்தக் கடிதத்தை மறுபடி எழுதி, உன் பேரில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மேனேஜரும், "பாவம், பொம்பளப் புள்ள, பயத்துல நடுங்கியிருக்கும்" என்று பெரிய மனது பண்ணிவிட்டார். அடையாள அட்டை வேலை நமக்கே.

இனி கடையில் ஜூம் விளையாட்டு வேண்டாம். கோபப்படாதே, எல்லாம் உன் நன்மைக்குத்தான்.

அண்ணன்

மார்ச் 17

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மத்தியானமே டெப்போவுக்குப் போனேன். "உக்காரும்மா, யாருக்கும் நடக்குறதுதான்" என்றார் மேனேஜர். நான் உட்காரவில்லை.

"சார், அந்தக் கையெழுத்து என்னோடது இல்ல. என் கை நடுங்கவும் இல்ல, வேணும்னேதான் எடுத்தேன். உங்களுக்குத் தனியா ஒண்ணு எடுக்காதது என் தப்பு, அதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! வேலை வேறு கடைக்குப் போகிறது. என்னால்தான் போகிறது, மறைக்கவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை ஊரறியப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டாயே!

கேமரா, லென்ஸ், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். கடைச் சாவியும் பீரோச் சாவியும் இந்தக் கவரில் இருக்கின்றன. இதே தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை பிடித்திருக்கிறேன். தோழியின் பழைய கேமரா இருக்கிறது. இரண்டு பேர் வந்து படம் கேட்டுவிட்டும் போயிருக்கிறார்கள். ஒருவருக்கு நேராக வேண்டும், இன்னொருவருக்குப் பாய வேண்டும். இரண்டும் எனக்கு வரும்.

அண்ணியையும் பிள்ளைகளையும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பு. நீயும் வரலாம். ஆனால் வாசலில் நின்று முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அண்ணா. என் பேரில் இல்லை, உன் பேரில்.

தங்கை