அட்டையில் ஆறு துளை

11 மே 1969, ஞாயிறு

இன்று அத்தா கடையில் ரிப்பேருக்கு வந்த பெட்ரோமாக்ஸ் எதையும் தொடவில்லை. கலியாணசுந்தரம் முதலியாரின் மருமகன் கப்பலில் கொண்டுவந்த துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஓட வச்சிட்டீன்னா கருட சேவை முடியற வரைக்கும் உன் பலூன் கடையிலயே வச்சிக்க பாய்" என்று முதலியார் சொல்லிக் கொடுத்தாராம்.

திருவிழாவில் பலூன் சுடக் கொடுக்கும் எங்கள் பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி ஈயக் குண்டு போட வேண்டும். இதில் அந்த வேலையே இல்லை. கைப்பிடிக்குள் சின்ன கேஸ் குப்பி. விசையை இழுத்தால் உள்ளே ஒரு சுத்தி போய் வால்வைத் தட்டுகிறது. வால்வு இமைக்கிற நேரம் திறந்து கொஞ்சம் கேஸை விடுகிறது. அது இரும்புக் குண்டைத் தள்ளுகிறது. அடுத்த குண்டை ஸ்பிரிங் தானே கொண்டுவந்து வைத்துவிடும். மறுபடி விசை, மறுபடி குண்டு. யார் யோசித்திருப்பார்கள் இதை?

ஆனால் இப்போது குப்பியை மாட்டியதுமே எல்லாம் புஸ்ஸென்று போய்விடுகிறது.

13 மே

வால்வின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. அத்தா சைக்கிள் டியூபில் ஒன்று வெட்டிப் போட்டார். நன்றாகச் சுட்டது.

14 மே

காலையில் பிரித்தால் அந்த ரப்பர் ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பிக் கிடக்கிறது! கேஸ் ரப்பருக்குள்ளேயே புகுந்துவிடுமா? பள்ளிக்கூடம் திறந்ததும் சயின்ஸ் டீச்சரைக் கேட்க வேண்டும். அத்தா ஸ்டவ் பம்புக்குப் போடும் தோல் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறார்.

16 மே

தோல் பிடித்துக்கொண்டது. கொல்லையில் தீப்பெட்டி வைத்துச் சுட்டேன். தொடர்ந்து நாலு தடவை விழுந்தது.

ஆனால் பலகையில் பட்ட குண்டு ஒன்று திரும்பி வந்து என் முழங்கையில் அடித்தது. ஈயம் நசுங்கி விழும், இரும்பு திரும்புகிறது. அம்மா, "கண்ணுல பட்டிருந்தா எவன் கட்டிப்பான்?" என்று கத்தினாள். கடையில் பலகை வேண்டாம், சாக்கைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் அட்டையில் பலூன் கட்டலாம் என்றேன். அத்தா ஒத்துக்கொண்டார்!

20 மே

என்கூடப் படிக்கிற வடிவு வந்தாள். அவள் முகமே சரியில்லை. அவளுடைய அப்பா நமச்சிவாயம் மாமா பட்டுப் புடவைக்குக் கோர்வைக் கரை நெய்கிறவர்; இழை இழையாகக் கோக்கக் கண் கூர்மையாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக எங்கள் கடையில் ஒரு பலூன்கூட உடைக்கவில்லை. அதனால் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று பயமாம்.

"நெசவுல தப்பு எதுவும் வரலடி பானு. வர்றதுக்கு முன்னாடி வுட்டுடணுங்கறாரு. இந்த வருஷமும் பலூன் உடையலன்னா தறியை சித்தப்பாகிட்ட குடுத்துட்டு தாமலுக்குப் போயிடலாமாம். எங்க மாமாவோட நெல்லு மண்டிக்கு."

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஊரு பூரா தெரிஞ்சிடும். கண்ணு கெட்டவனுக்கு எந்த முதலாளி பட்டு குடுப்பான்? பலூன் சுட்டா வெளையாட்டுன்னு நெனச்சிப்பாங்க."

தாமலுக்குப் போனால் அவள் படிப்பும் நின்றுவிடும். யாரிடமும், அத்தாவிடம்கூட, சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

27 மே

எழுதவே கை வரவில்லை.

அத்தா மரச்சுத்தியால் குழல் நுனியில் இருக்கும் முன்குறியை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம். ஒரு நூல் அளவுதான். அதை வைத்துப் பார்த்துச் சுட்டால் குண்டு இடப்பக்கம் போகும்.

"நேராத்தானே இருந்துது அத்தா?"

"நேரா இருந்தா ஆறு குண்டுக்கு ஆறு பலூன் போயிடும்மா. அப்புறம் நாம என்னத்த திங்கறது?"

"பழசுலயும் இப்படித்தானா?"

அத்தா சுத்தியை வைத்துவிட்டுக் குழலைத் துடைக்க ஆரம்பித்தார். அப்படியென்றால் மூன்று வருஷமாக— ஐயோ, மாமாவின் கண்ணுக்கு ஒன்றுமே இல்லையோ? ஒருவேளை நிஜமாகவே கண்ணும் கெட்டிருந்தால்?

28 மே

இன்றும் யாரிடமும் சொல்லவில்லை. வடிவிடம் சொன்னால் அத்தா செய்தது வெளியே வந்துவிடும், அத்தாவிடம் சொன்னால் சத்தியம் போய்விடும். சத்தியம் பெரிதா, வடிவு பெரிதா?

30 மே, கருட சேவை

கருடன் திரும்பிய பிறகுதான் கடையில் கூட்டம். கிழிந்த அட்டையை எடுத்துவிட்டு நான் புது அட்டை மாட்டிய கையோடு நமச்சிவாயம் மாமா வந்தார். பின்னால் வடிவு.

"வாங்க! நம்ம நமச்சிவாயம் சுட்டா பலூனுக்கு ஆயுசு கெட்டி" என்றார் அத்தா. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

மூச்சை அடக்கி ஒரே பலூனைப் பார்த்து ஆறையும் சுட்டார். ஒன்றும் உடையவில்லை. துப்பாக்கியைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்தார். "சரி பாய். பாத்தாச்சி" என்றார். வடிவு என்னைப் பார்க்கவேயில்லை.

அப்போதே மழை பிடித்துக்கொண்டது; அவருக்குப் பிறகு யாரும் சுடவில்லை. கடையைக் கட்டும்போது அட்டையைப் பார்த்தேன். பலூனுக்கு இடப்பக்கம் ஆறு துளை. சிதறவில்லை. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு! கண் கெட்டவர் சுட்டால் மூலைக்கு ஒன்றாக அல்லவா போயிருக்கும்?

வீட்டில் அத்தா முன்னால் அட்டையை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியம் போனால் போகட்டும். அத்தா துளைகள் மேல் கட்டைவிரலை வைத்தார். ஆறும் மறைந்துவிட்டன.

"தறியை வுடறேன்னாரா? இதுக்கா?"

31 மே

அத்தா அட்டையை எடுத்துக்கொண்டு நமச்சிவாயம் மாமா வீட்டுக்குக் கிளம்பினார். "போய் என்னன்னு சொல்லுவீங்க? ஏமாத்தினேன்னா?" என்று அம்மா கேட்டாள். "சொல்லித்தானே ஆகணும்" என்றார்.

திரும்பி வந்து சாப்பிடவில்லை. "அடிச்சிருந்தாக்கூட தேவலம்மா. 'மூணு வருஷமா பாய், மூணு வருஷமா'ன்னு அதையே சொல்லிக்கினு இருந்தாரு."

3 ஜூன்

துப்பாக்கியை முதலியாருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அத்தா முன்குறியை நேராக்கினார். பழையதையும்தான். இனிமேல் குறியைத் தொடாமல், பலூனைத் தூரத் தள்ளிக் கட்டப் போகிறாராம்.

16 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. வடிவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் பாடம் முழுக்கப் புத்தகத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். பிறகு, "அப்பா நேத்து தறியில புதுப் பாவு ஏத்தினாருடி" என்றாள். "உங்க அத்தா பேரை எடுத்தா மட்டும் எழுந்து போயிடறாரு."

சாயங்காலம் அவளே கடைக்கு ஒரு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பம்ப் பிடிக்கவில்லையாம். அத்தா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மாமா, அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு…" என்று இழுத்தாள்.

"சொல்லும்மா."

"நீங்க ரிப்பேர் பண்ணா மட்டும் போதாதாம். பானு ஒரு தடவ பாத்துட்டுத்தான் குடுக்கணுமாம்."

அத்தா ஸ்டவ்வை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டார்.