பன்னிரண்டாம் பாட்டில்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். அத்தையின் கால்தான் அப்படியே இருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் கப்பலுக்கு வரும் தபாலில் இந்தக் கடிதம் இருக்கும். உங்கள் அம்மாவின் கால் ஆபரேஷனுக்காக அங்கேயே இறங்கி வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். பெட்டியைக் கட்டுவதற்கு முன் இதை முழுவதும் படியுங்கள்.

முதலில் நல்ல சேதி. போன பயணத்தில் கடலடியிலிருந்து நீங்கள் அள்ளி வந்த சேற்றில் பன்னிரண்டாம் பாட்டில் நினைவிருக்கிறதா? மூடி பொருந்தாமல் உங்கள் பையையே நாறடித்ததே, அதுதான். அதிலிருந்த ஒரு பாக்டீரியா இருபத்து மூன்றாம் நாள், சுண்ணாம்புப் பொட்டுபோலத் தலைகாட்டியது. அத்தையின் புண்ணில் எந்த மருந்துக்கும் அசையாமல் இருக்கிறதே, அதே வகைக் கிருமியைப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தோம். பொட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கிருமியே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எங்கள் மேடம் அன்று இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்தது என் லட்சணம். பாக்டீரியாவுக்கான உணவைக் கடல்நீரில்தான் காய்ச்ச வேண்டும். கேனில் கடல்நீர் தீர்ந்துபோயிருந்தது. உப்புத் தண்ணீர்தானே என்று குழாய்த் தண்ணீரில் உப்பைப் போட்டுக் காய்ச்சிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பாக்டீரியா அதில் கொழுகொழுவென்று வளர்ந்தது. நானும் பெருமையாக அதிலிருந்தே எடுத்து மறுபடி மறுபடி வளர்த்தேன். இடத்தை அடைக்கிறது என்று, கடல்நீரில் வளர்த்த பழைய தட்டுகளைக் கழுவியும் வைத்துவிட்டேன். ஐந்தாம் முறை சோதித்தபோது கிருமிகள் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. கிருமியைக் கொல்லும் சரக்கைச் சுரப்பதையே அது விட்டுவிட்டது. கடல்நீரில் திருப்பி வைத்தும் பலனில்லை. பாட்டிலில் சேறும் மிச்சமில்லை. மேடம், "சமையல் உப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அதே இடத்துச் சேறு வேண்டும். மேடம் கேப்டனிடம் பேசிவிட்டார். கப்பல் சுற்றிக்கொண்டு அந்த வழியாகத் திரும்பும். அந்தச் சரிவில் கருவியை உடையாமல் இறக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் பதினொரு நாள் கூடுதலாகும். அத்தைக்குக் கால் விரல்களை எடுக்கும் நாள் அதற்குள் வந்துவிடும்.

இது மருந்தாக வர வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம், உங்கள் காலுக்கு எட்டாது என்று அத்தையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். "அவன் வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா விரல் முளைச்சிடுமா? சேத்தை அள்ளிட்டு வரச் சொல்லு" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் போகாதீர்கள் என்று சண்டை பிடித்தவள் நான். இந்தத் தடவை இறங்காதீர்கள் என்று எழுதுகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கையெழுத்தை நான் போட்டுக்கொள்கிறேன்.

கயிற்றைப் பிடிக்கும்போது கையுறை போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றை நேராக மேடத்திடம் கொடுத்துவிடுங்கள், என் கையில் தராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் உப்புக்காரி