கூரைக் கணக்கில் பயத்துக்கு ஒரு பங்கு

இதை எழுதுகிற மேஜை மேல், தாள் பறக்காமல் இருக்க, உள்ளங்கை அகலச் சிமெண்ட் சில்லு ஒன்றை வைத்திருக்கிறேன். உடைந்த ஓரத்தில் ரோஸ் நிறத்தில் பனியன் துணி எட்டிப் பார்க்கிறது. ஏதோ குழந்தைகள் உடுப்பு ஆர்டரில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட். அதைச் சிமெண்ட் பாலில் நனைத்து நம் கூரை விரிசலில் ஒட்டியவர், நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரான நீங்கள். வாளியைப் பிடித்தபடி பக்கத்தில் நடுங்கியவன் நான். கூரை போய்விட்டது. ஒட்டியவரும் போய்விட்டார். நடுங்கியவன் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டே இருக்கிறேன்.

நம் கூரையைக் கழற்றியாயிற்று. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், சித்திரை பிறந்தாலே நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவேன். நெருப்பெரிச்சல் என்று ஊருக்குப் பேர். அதில் வந்து விழுவதோ ஐஸ்கட்டி. "பேருக்கும் மழைக்கும் பொருத்தமே இல்லாத ஊரு வே இது" என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. மழை என்றால் நனையலாம், காயலாம். ஆலங்கட்டி என்றால் தலைக்கு மேலே கல் எறிகிற மாதிரி. நமக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே இருந்தது, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத சிமெண்ட் ஷீட்.

அந்த ஆலங்கட்டி மழை நினைவிருக்கிறதா? சாயங்காலம் பனியன் கம்பெனி விட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதல் கல் விழுந்ததும் நீங்கள் எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்து, என் மகள் சுகன்யாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடினீர்கள். உங்கள் வீட்டில், தைத்த உடுப்பைப் பிசிறு பார்க்கிற பெரிய செக்கிங் டேபிள் இருந்தது. இரண்டு குடும்பமும் அதன் அடியில் நுழைந்தோம். மேலே ஷீட் படீர் படீர் என்று வெடித்தது. உங்கள் வீட்டம்மா ஜெபமணி கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். என் சரசு, "அர்ஜுனா, அர்ஜுனா" என்றாள். நான் முருகனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன்.

"எல்லாரையும் ஒரே நேரத்துல கூப்புட்டா, யாரு போறதுன்னு அவங்களுக்குள்ள சண்டை வந்துரும் வே. வரிசையா கூப்புடுங்க" என்றீர்கள் நீங்கள்.

அந்த நேரத்திலும் சுகன்யா சிரித்தாள். அவளுக்குப் பயம் போனது அந்தச் சிரிப்பில்தான். எனக்குப் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னையும் மேலே ஏற்றினீர்கள். மாட்டேன் என்றேன். "சண்டை போடும்போதும் ‘ங்க’ போடுத ஆளு நீரு. மாட்டேங்கன்னு சொல்லி யாரு கேக்கப் போறா?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டீர்கள். மேலே போனால், எங்கே கால் வைப்பது என்றே தெரியவில்லை. ஷீட்டுக்கு அடியில் இரும்பு பைப் ஓடும் இடத்தில்தான் மிதிக்க வேண்டும். போல்ட்டுத் தலையைப் பார்த்தால் பைப் எங்கே என்று தெரியும். ஆனால் போல்ட் ஓட்டையில் ஒழுகுகிறது என்று நீங்கள் ஏற்கனவே தலைகளையெல்லாம் துணியும் சிமெண்டுமாக மூடியிருந்தீர்கள். விரிசலும் ஒட்டு, போல்ட்டும் ஒட்டு. கூரை முழுக்க ஒரே மாதிரி.

"என் காலுக்குப் பின்னால காலை வையும். பிசகுனீரு, எங்க வீட்டுச் சோத்துப்பானையிலதான் விழுவீரு."

நீங்கள் கோயில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி நடந்தீர்கள். கீழே டொக், டொக் என்று ஒரு சத்தம் கூடவே வந்தது.

"என்ன சத்தமுங்க அது?"

"எங்க வீட்டுக்காரி எலி வெரட்டுதா. நீரு காலைப் பாரும்."

என் வீட்டுப் பக்கம் வந்த பிறகும் டொக், டொக். "உங்க வீட்லயும் எலி இருக்கு போல" என்றீர்கள். நம்பினேன். இரண்டு நாள் எலிப்பொறிகூட வைத்தேன். ஒன்றும் விழவில்லை. என் வீட்டு எலிகூட என்னை மதிப்பதில்லை என்று சரசுவிடம் சொன்னேன். அவள் ஏனோ திரும்பி நின்று சிரித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் நீங்கள் மட்டும் ஏறி ஒட்டுப் போட்டீர்கள். நான் ஏணியைப் பிடிக்கிற உத்தியோகத்துக்கு இறங்கிவிட்டேன். அப்போதும் உள்ளே டொக், டொக் கேட்கும்; எலி விரட்டுகிறார்கள் என்றே இருந்துவிட்டேன். பின்பு ஒரு நாள் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்தீர்கள். அதோடு ஏணியையும் யாரும் எடுக்கவில்லை.

இந்த வருஷம் சுகன்யா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். நாள் கணக்குப் பார்த்தால் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருவது நட்ட நடுச் சித்திரையில். தொட்டில் கட்டுகிற கொக்கி கூரைப் பைப்பில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே உங்கள் பெரிய ஒட்டு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் மேல் ஒரு கல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் தொட்டில் இடத்தில் பூசணிக்காயை வைத்து, மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். சரசு வந்து, "அந்தக் காய் நாளைக்குக் குழம்புக்குங்க, வேண்டுதலுக்கு இல்லீங்க" என்று எடுத்துப் போய்விட்டாள்.

கூரையை மாற்றிவிடுவது என்று உட்கார்ந்து கணக்கு எழுதினேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் எழுதிய கணக்கு. மறுபடி சிமெண்ட் ஷீட் என்றால் செலவு கம்மி, பயம் அப்படியே இருக்கும். தகரத்தில் வருகிற கலர் ஷீட் என்றால் கல் விழுந்தால் நெளியும், உடையாது. ஆனால் விலை ஜாஸ்தி. அதோடு துருப்பிடித்த பைப்புக்கு மாற்று, வெல்டிங், கூலி, பழைய ஷீட்டை உடைக்காமல், தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து இறக்குகிற செலவு, அதை ஏற்றிப்போகிற குட்டியானை வண்டி வாடகை. ஆஸ்பத்திரிக்கு என்று வைத்த பணத்தைத் தொடக்கூடாது என்று சரசுவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். தீபாவளி போனஸையும் ஏலச்சீட்டையும் சேர்த்தால் எங்கள் வீட்டுக்கு எப்படியோ எட்டியது. கடைசி வரியாக, நாம் சேர்ந்து வீடு கட்டும்போது நீங்கள் எழுதச் சொன்ன அதே வரியையும் எழுதினேன்: பயம்.

அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? என்னைக் கிண்டல் பண்ணுகிறீர்கள் என்று. "செங்கலுக்கு, மணலுக்கெல்லாம் எழுதுதோம்லா. பயத்துக்கும் ஒரு பங்கு எடுத்து வையும் வே. எது ஒம்ம தூக்கத்தக் கெடுக்குதோ, அதுக்கு மொதல்ல காசு ஒதுக்கணும்" என்றீர்கள். இந்த முறை அந்த வரிக்கு நேராகத் தொகையும் போட்டேன். எதற்கு என்று தெரியாமலே.

மேஸ்திரி பெருமாநல்லூரிலிருந்து வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஏணியில் ஏறித் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். இறங்கி வந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். அது நல்ல சகுனமாகப் படவில்லை.

"ஏனுங்க, ரெண்டு ஊட்டுக்கும் ஒரே ஷீட்டு போட்டிருக்குதுங்களே. நடுச் செவுத்துல தாண்டி அந்தப் பக்கம் கிடக்குதுங்க. உங்க பாதிய மட்டும் எடுக்க முடியாதுங்க. சேத்தித்தான் பண்ணோணும்."

"செரிங்க..."

"அது மட்டுமில்லீங்க. எது ஒட்டு, எது போல்ட்டுன்னே தெரியலை. பசங்களை நம்பி மேல ஏத்த மாட்டேனுங்க. உள்ள சாரம் கட்டிக் கீழருந்தே கழட்டோணும். அதுக்குத் தனியாச் செலவாகுமுங்க."

அவர் சொன்ன சாரச் செலவும், நான் பயத்துக்கு எழுதிய தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் உங்கள் பாதிக்கு யார் பணம் போடுவது?

ஜெபமணியிடம் போனேன். செக்கிங் வேலை முடிந்து வந்து, தலைமுடியில் ஒட்டிய நூல்பிசிறைக் கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க பாதிய மாத்திக்கிடுங்கண்ணே. எங்க பாதி எப்படியோ இருந்துட்டுப் போகுது."

"ஒரே ஷீட்டு அம்மிணி. பிரிக்க முடியாதுங்களாமா."

"அப்ப அறுத்துக்கிடுங்க."

"அறுத்தா ரெண்டு பக்கமும் ஒழுகுமுங்க. செலவை நான் பாத்துக்கறேன், நீங்க..."

"வேண்டாம்ணே." குரல் உயரவில்லை. ஆனால் கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. "அவரு இருந்தா வாங்குவாரா? நான் வாங்கணுமா?"

எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போது, சாரம் கட்டச் சொன்ன காரணத்தைச் சும்மா புலம்பலாகச் சொன்னேன். போல்ட் தெரியவில்லையாம், ஆள் ஏற மாட்டானாம் என்று.

"அதுக்கு எதுக்குண்ணே சாரம்? நான் தட்டுதேன்."

"எதைங்க?"

"பைப்பைத்தான். கீழருந்து பாத்தா பைப்பு தெரியுதுல்லா. அவரு மேல ஏறும்போதெல்லாம் நான்தான கம்பு வச்சுத் தட்டிக்கிட்டே வருவேன். சத்தத்து மேலதான் காலை வைப்பாரு. இல்லன்னா ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டாரே."

நான் செருப்பை விட்டுவிட்டு நின்றேன். "எலி விரட்டறீங்கன்னு சொன்னாருங்களே..."

"எலியா?" முதல்முறையாக, நீங்கள் போன பிறகு முதல்முறையாக, அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அவருக்குக் கையும் காலும் ஆடும்ணே. ஏறுததுக்கு மொத நாளே சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போயிரும். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ‘ரெண்டு பேரும் பயப்படுதோம்னு தெரிஞ்சா, யாருட்டி மேல ஏறுதது’ம்பாரு."

வீட்டுக்கு வந்து சரசுவிடம் கேட்டால், "எனக்குத் தெரியுமுங்க. அண்ணன் சொல்ல வேண்டாம்னுட்டாருங்க" என்கிறாள். எலிப்பொறி வைத்த அன்று அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போதுதான் விளங்கியது.

மேஸ்திரி, "கோடு போட்டுக் குடுத்தா பலகை போட்டு ஆளை ஏத்தறேனுங்க. ஆனா கோடு போட யாரு ஏறறது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துணி வெட்டுகிறவன் சட்டைப்பையில் கோடு போடுகிற சாக்பீஸ் இருந்த பாவத்துக்கு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். மறுமுனையை முருங்கை மரத்தில் கட்டலாம் என்று மேஸ்திரியின் ஆள் ஒருவன் சொன்னான். வேப்ப மரத்தில் கட்டவைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள். அவள் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன்.

மேலே வெயில். ஷீட் கொதித்தது. அடியில் இருந்து டொக் என்று வந்தது. அதன் மேல் காலை வைத்தேன். தாங்கியது. கோடு போட்டேன். டொக். அடுத்த கால். உங்கள் ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனேன். ஒன்றில் உங்கள் கைவிரல் பதிவு அப்படியே காய்ந்திருந்தது. அதை மிதிக்கவில்லை.

பாதியில் சத்தம் நின்றுவிட்டது.

நான் அப்படியே நின்றேன். முன்னால் வைக்கவும் முடியாது, பின்னால் திரும்பவும் முடியாது. "அம்மிணி?" என்றேன். "அம்மிணி, என்னாச்சுங்க?"

கீழிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமில்லண்ணே. இந்த எடத்துலதான் அவரு எப்பவும் நிப்பாரு. ‘இன்னும் எம்புட்டு தூரம்ட்டி’ன்னு கேப்பாரு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"கொஞ்சந்தான்னு சொல்லுவேன்."

"செரிங்க. எனக்கும் சொல்லுங்க."

"கொஞ்சந்தாண்ணே."

டொக்.

சாரம் தேவைப்படவில்லை; அதற்கென்று இருந்த அந்தப் பயத்தின் பங்கு உங்கள் பாதிக்குப் போனது. இந்த முறை ஜெபமணி மறுக்கவில்லை. அது அவர் தட்டிச் சம்பாதித்த பணம். மிச்சத்துக்குச் சீட்டு எடுத்தார். கழற்றும்போது தொட்டிலுக்கு மேலிருந்த அந்தப் பெரிய ஒட்டு, ஆள் தொட்டதுமே கையோடு வந்தது. துணி மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் உடைந்த சில்லுதான் இது. இப்போது இரண்டு வீட்டுக்கும் நீல நிறக் கலர் ஷீட். பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் நேற்று எழுதுவதை நிறுத்தினேன். வடக்கே வானம் கறுத்தது.

ஆலங்கட்டி வந்துவிட்டது. புது ஷீட் என்பதால் சத்தம் பழையதைவிடப் பத்து மடங்கு. உடையாது என்று மேஸ்திரி சொன்னது தெரியும், கணக்கு எழுதியவனும் நான்தான். ஆனாலும் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். சரசு தலையில் அடித்துக்கொண்டாள். என் நெஞ்சு அடித்ததில் குழந்தை விழித்து என்னைப் பார்த்தது. எந்தச் சாமியின் பேரும் வாயில் வரவில்லை.

அந்த இரைச்சலுக்குள் நடுச்சுவரில் டொக், டொக் என்று கேட்டது. ஜெபமணிதான். கம்பை இன்னும் வைத்திருக்கிறார்.

குழந்தையின் முஷ்டியை என் கைக்குள் வைத்து, மேஜைக்கு அடியிலிருந்தே எட்டி, நானும் சுவரில் தட்டினேன்.

பயம் போகவில்லைங்க. உங்களுக்கும் போகவில்லை என்று தெரிந்த பிறகு, அதைச் சுமப்பது கொஞ்சம் லேசாக இருக்கிறது. என் பேத்தி பெரியவளாகி என்ன சத்தம் அது தாத்தா என்று கேட்டால், எலி என்று சொல்ல மாட்டேன்.